"இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு 2,000 ரூபாய்க்கு மனுவா?"

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆச்சி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு வயது 64. கணவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறார். மகனுக்கு 32 வயது, பிறந்ததிலிருந்தே அறிவுசார் குறைபாடு. அவரை இங்கே தம்பி என்றே சொல்கிறேன்.

தம்பிக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிலிருந்து பல வருடமாகப் பராமரிப்பு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது, கடைசியாக மாதம் 2,000 ரூபாய். ஐந்து மாதமாக அது வரவில்லை. வங்கியில் கேட்டால் "மேலேருந்து வரலை" என்கிறார்கள். ஊரில் ஒருவர், அரசு எல்லாருக்கும் குறைத்துக்கொண்டு வருகிறது என்கிறார். தம்பி ஒரு பயிற்சி மையத்தில் பனை ஓலைக் கொட்டான் பின்னி மாதம் 600, 700 ரூபாய் வாங்குகிறார், அதை யாரோ எழுதிப் போட்டிருப்பார்கள் என்பது ஒரு உறவினரின் ஊகம். விசாரிக்கப் போன ஓர் அலுவலகத்தில், இந்தக் கட்டுரையின் தலைப்பில் இருக்கும் கேள்வியை ஒருவர் ஆச்சியின் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார். போன வருடம் மாற்றுத்திறனாளிகளுக்கான புதுத் தனித்துவ அடையாள அட்டைக்காக மருத்துவ முகாமுக்குப் போனபோது, பழைய சான்றில் 75 சதவீதம் என்று இருந்தது 50 ஆகிவிட்டது. 75-க்குக் கீழே போனால் பணம் கிடையாது என்று யாரோ சொல்ல, பயந்துபோய் இரண்டு மாதமாகத் தம்பியை மையத்துக்கே அனுப்பவில்லை. இது போதாதென்று, பங்காளிகள் பழைய வீட்டை விற்க, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். "புள்ளியிலேயே இல்லாத பிள்ளைக்குப் பங்கு ஏது?" என்றும் பேச்சு. நம் பக்கத்துக் கோயில் கணக்கில் சேர்ந்தவரைத்தான் புள்ளி என்பது. கடைசி வரியில், "எங்க ரெண்டு பேருக்கும் பிறகு இவனை யாரு பாப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆச்சி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்கே தம்பியை மையத்துக்கு அனுப்பிவிடுங்கள். கொட்டான் பின்னியதால் இந்தப் பணம் நிற்காது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகையில் பார்ப்பது குறைபாட்டின் அளவைத்தான். கதியில்லாதவரா, சொத்து இருக்கிறதா என்றெல்லாம் துருவுவது வருவாய்த் துறை வழியாக வரும் ஓய்வூதியத்தில். அது வேறு திட்டம், வேறு அலுவலகம். இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது என்பதால் மக்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்களிடம் வீட்டைப் பற்றிக் கேட்டவரும் அப்படித்தான் குழம்பியிருக்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளின் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் பார்த்து உள்ளே கொட்டிக் கிடக்கிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மழைக்காலத்தில் வளவில் எத்தனை இடத்தில் வாளி வைக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பணம் ஏன் நின்றிருக்கும்?

அரசு எல்லாருக்கும் குறைக்கிறது என்பது சரியில்லை. 1,500 ஆக இருந்த இந்தத் தொகை 2,000 ஆக உயர்ந்ததை உங்கள் கையாலேயே வாங்கியிருக்கிறீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இதே மாதிரித் திட்டங்களில் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று 24-ஆம் பிரிவில் சொல்கிறது. 2023-ல் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது, வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாகக் கால் பங்கு கூடுதல். ஆனால் அதே பிரிவில் "அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு" என்றும் ஒரு சொல் இருக்கிறது. அதனால், இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று நீங்களோ நானோ ஒரு தொகையைச் சொல்லி நீதிமன்றத்தில் வாங்கிவிட முடியாது. தகுதி உள்ளவருக்குக் கொடுத்துவந்ததைக் காரணம் சொல்லாமல் நிறுத்துவது வேறு விஷயம். அதைக் கேட்கலாம்.

உங்கள் நாலு பக்கத்தையும் இரண்டு தரம் படித்தேன். வாழ்நாள் சான்று என்ற சொல் எங்குமே இல்லை. பயனாளி உயிரோடு இருக்கிறார் என்று கொடுக்கும் சான்று அது. கொடுத்தீர்களா? கொடுக்காமல் விட்டிருந்தால், என் ஊகத்தில் முக்கால்வாசி விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

அதுவும் கொடுத்தாயிற்று என்றால், வங்கிக் கணக்கைப் பாருங்கள். தம்பி பெயரில் வேறு எங்காவது, அஞ்சலகத்திலோ முகாமிலோ, புதிதாக ஒரு கணக்கு தொடங்கினீர்களா? ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குத்தான் போகும். என்னிடம் வந்த ஒரு குடும்பம் எட்டு மாதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தது. பணமோ மாதாமாதம் அவர்களே மறந்துபோன இன்னொரு கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது. எந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டால் சொல்வார்கள். கேஒய்சி புதுப்பிக்காமல் கணக்கு முடங்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் மனு எழுத வேண்டியதுதான். இதுவரை நீங்கள் வாயால்தான் கேட்டிருக்கிறீர்கள், வாயால்தான் பதிலும் வந்திருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்த மாதத்திலிருந்து வரவில்லை, என்ன காரணம், நிறுத்தச் சொன்ன உத்தரவின் நகல் வேண்டும், காரணம் சரியில்லை என்றால் நிலுவையோடு தர வேண்டும், அவ்வளவுதான். அதோடு வங்கிப் புத்தகத்தின் நகல், தனித்துவ அடையாள அட்டையின் நகல், பழைய சான்றின் நகல். பழையதைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், நகல் மட்டும். திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனுவுக்கு எண் போட்டு ரசீது தருவார்கள். சிவகங்கை வரை போக முடியாவிட்டால் முதல்வரின் உதவி மையத்துக்கு 1100-ல் கூப்பிட்டும் பதிவு செய்யலாம். ஆனால் ரசீது கையில் இருப்பது தனித் தெம்பு.

பதிலே வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார், விசாரணை விஷயத்தில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவது கடைசி வழி. எடுத்த எடுப்பில் அங்கே ஓட வேண்டாம். வக்கீல் கட்டணத்துக்கும் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு ஒரு போன் போட்டால் யாரைப் பார்ப்பது என்று சொல்வார்கள்.

75 எப்படி 50 ஆனது?

75 சதவீதம் என்ற வரம்பு கடுமையான உடல் குறைபாட்டுக்கு உரியது. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். தம்பிக்கு 50 இருக்கிறது, தகுதி போகவில்லை.

ஆனாலும் அந்த எண் எப்படி இறங்கியது என்று பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதலில் அறிவுசார் குறைபாட்டுக்கு 25, 50, 75, 90, 100 என்று படிகள்தான் உண்டு, இடையில் வேறு எண் கிடையாது. புத்திக்கூர்மைச் சோதனையோடு, அன்றாட வாழ்க்கையை எவ்வளவு தானாகச் சமாளிக்கிறார் என்பதையும் ஓர் அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பாதியில் பெரும்பாலும் கேள்வி கேட்பது பிள்ளையிடம் இல்லை, கூட வந்த அம்மாவிடம்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "எம் பிள்ளை எல்லாம் தானா செய்வான், ஒரு தொந்தரவு கிடையாதுன்னு சொன்னேன், அந்த டாக்டர் பொண்ணு சிரிச்சிச்சு." ஆச்சி, உங்களைக் குறை சொல்லவில்லை. பத்துப் பேர் வரிசையில் நிற்கும் இடத்தில், 32 வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவனுக்கு இது வராது அது வராது என்று சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. ஆனால் அதே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். தானாகச் சாப்பிடுவான், ஆனால் மீன் முள்ளை நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். தானாக மையத்துக்குப் போவான், ஆனால் ஆட்டோக்காரர் முகப்பு வரை வந்து கூட்டிப்போய்த் திரும்பவும் முகப்பில் விடுகிறார். காசு தெரியும், ஆனால் கடையில் பத்து ரூபாய்த் தாளையும் ஐந்நூறு ரூபாய்த் தாளையும் ஒரே மாதிரி நீட்டிவிட்டு மீதி வாங்காமல் வந்துவிடுவான். சட்டை தானே போட்டுக்கொள்வான், ஆனால் எடுத்து வைக்காவிட்டால் நேற்றைய அழுக்குச் சட்டையையே போட்டுக்கொள்வான். முகாமில் முதல் பாதியைச் சொன்னீர்கள். "ஆனால்" வீட்டிலேயே தங்கிவிட்டது.

பொய் சொல்லச் சொல்லவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிப் பதினைந்து நாள் எழுதுங்கள். காலையில் எழுப்புவதிலிருந்து ராத்திரி படுக்கும் வரை எதெதற்கு உங்கள் கையோ குரலோ தேவைப்பட்டது என்று தேதி போட்டு எழுதுங்கள். அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும் அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

சான்றில் திருப்தி இல்லாதவர்கள் மேல்முறையீடு செய்யலாம், 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. இப்போதே செய்ய வேண்டுமா என்று கேட்டால், எனக்குத் தயக்கம். பராமரிப்பு உதவித்தொகைக்கு 50 போதும். 75-ஆக இருந்தாலும் அட்டை அதே மஞ்சள் நிறம்தான், 80-ஐத் தொட்டால்தான் நீலம். உதவித்தொகை நின்றிருக்கும் நேரத்தில் சான்றையும் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தினால், அது முடியட்டும் என்று இதையும் கிடப்பில் போட்டுவிடக்கூடும். முதலில் பணம் திரும்ப வரட்டும். ஆனால் ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. ஏன் என்பது அடுத்த விஷயத்தில் இருக்கிறது.

கணவரின் ஓய்வூதியம்

கடிதத்தில் நீங்கள் கேட்கவே கேட்காத விஷயம் இது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. 2,000 ரூபாய்க்காக ஐந்து மாதம் அலைந்திருக்கிறீர்கள். அதைவிடப் பல மடங்கு பெரிய தொகை தம்பி பெயரில் ஒரு வரி எழுதாததால் வீணாகப் போகலாம்.

அரசு ஊழியரின் பிள்ளைக்குத் தன் பிழைப்பைத் தானே சம்பாதித்துக்கொள்ள முடியாத அளவுக்குக் குறைபாடு இருந்தால், பெற்றோர் இருவருக்கும் பிறகு அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. 25 வயதோடு நின்றுவிடாது. கணவருக்குப் பின் உங்களுக்கு, உங்களுக்குப் பின் தம்பிக்கு. இதற்கான விண்ணப்பத்தை ஐயா உயிரோடு இருக்கும்போதே, அவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகம் வழியாக, மருத்துவச் சான்றோடு கொடுத்துத் தம்பியின் பெயரை ஓய்வூதிய ஆணையில் ஏற்றிவிட வேண்டும். இருவரும் போன பிறகு கோவையிலிருந்து மகள் வந்து, முப்பது வருடத்துக்கு முந்தைய பணிப்பதிவேட்டைத் தேடுவது எவ்வளவு பாடு என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கேதான் சம்பாத்தியக் கேள்வி வரும், அந்த 50 சதவீதமும் வரும். லேசான குறைபாடுதானே, கொட்டான் பின்னுகிறாரே என்று யாராவது கேட்கலாம். 700 ரூபாயில் யாரும் பிழைக்க முடியாது. அதனால் பயப்படுவதைவிடத் தயாராக இருப்பது நல்லது. மையத்திடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்: இது பயிற்சி, கொடுப்பது ஊக்கத்தொகை, ஓலையை நறுக்கிச் சாயம் போடுவது வேறு ஆள், அருகில் ஒருவர் இருந்து சொன்னால்தான் வேலை நடக்கும் என்று உள்ளதை உள்ளபடி. நோட்டும் அப்போது கைகொடுக்கும். பிழைக்க முடியாதவர் என்ற மருத்துவச் சான்று கேட்டு அது மறுக்கப்பட்டால், அன்று மேல்முறையீட்டைக் கையில் எடுப்போம்.

பெற்றவளுக்கே அத்தாட்சியா?

"நான்தானே கார்டியன்" என்று எழுதியிருக்கிறீர்கள். 18 வயது வரை சரி. அதற்குப் பிறகு சட்டத்தின் கண்ணில் தம்பி தனி ஆள், நீங்கள் பெற்ற தாயாக இருந்தாலும் தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. இத்தனை வருடம் யாரும் கேட்காததால் ஓடியிருக்கிறது.

1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என நான்குக்கும் பொருந்தும். ஆட்சியர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி சேர்ந்த உள்ளூர் குழு பாதுகாவலரை நியமிக்கும். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. அந்தச் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. பொறுப்பும் கூடவே வரும். ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்தும் மூன்று மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். வீட்டுச் செலவு நோட்டு எழுதிப் பழகிய உங்களுக்கு அது பாரமாக இருக்காது.

விண்ணப்பத்துக்கு முன்னால் இரண்டு பேரிடம் பேசுங்கள். ஒருவர் மகள். அவள் பார்த்துக்கொள்வாள் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டது கடிதத்தில் தெரிகிறது. அவளிடமும் மாப்பிள்ளையிடமும் உட்கார்ந்து கேட்டீர்களா? இன்னொருவர் தம்பி. யாரோடு இருக்கப் பிடிக்கும், எந்த ஊர், மையம் இல்லாத இடமாக இருந்தால் என்ன செய்வார் என்று அவரால் சொல்ல முடிந்ததைக் கேளுங்கள். 2016 சட்டமும் அவருடைய விருப்பத்தைக் கேட்டு முடிவெடுக்கத்தான் சொல்கிறது.

போகிற போக்கில் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் போட்டுவிடுங்கள். இதே நான்கு குறைபாடுகளுக்கும் உரியது, 1 லட்சம் ரூபாய் வரை, சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது.

புள்ளியும் பங்கும்

கல்யாணம் ஆனவரைத்தான் புள்ளியாகச் சேர்ப்பது கோயில் வழக்கம். புள்ளி வரிக்கும் கோயில் காரியத்துக்கும் அந்தக் கணக்கு. அதைக் கொண்டுவந்து வீட்டுப் பங்கில் வைப்பது அறியாமையா சாமர்த்தியமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன் 28-ஆம் பிரிவு, நோயோ குறைபாடோ காரணமாக யாருடைய வாரிசுரிமையும் போகாது என்கிறது. பூர்வீகச் சொத்து என்றால் மகளைப் போலவே மகனுக்கும் பிறந்தபோதே உரிமை வந்துவிட்டது. கல்யாணத்தை யாரும் கேட்கவில்லை.

விடுதலைப் பத்திரத்தில் தம்பியின் கைரேகையை வைக்கவிடாதீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்து முடிவெடுக்க முடியாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அது தெரிந்தும் சிலர் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு அது செல்லாது என்று நிரூபிக்க நீங்கள்தான் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். நீங்கள் இருவரும்கூட, பத்திர நகலை ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டை விற்பதே தப்பு என்று சொல்லவில்லை. பத்து இருபது பங்கு உள்ள வீட்டைக் கட்டிக் காப்பது எவ்வளவு செலவு என்று எனக்கும் தெரியும். விற்றால் தம்பியின் பங்குத் தொகை தனியாக நிற்கட்டும். எல்லாவற்றையும் மகள் பெயருக்கு எழுதிவிட்டு "தம்பியைப் பாத்துக்க" என்று வாய்வார்த்தையில் விடுவதைவிட, 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்படி சின்னதாக ஒரு தனியார் அறக்கட்டளை எழுதி, மகளையும் இன்னொருவரையும் பொறுப்பாகப் போடுவது மகளுக்கும் பாதுகாப்பு. மூலப் பத்திரங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் பேசக்கூடாது.

வேலைகளை வரிசைப்படுத்திச் சொல்கிறேன். இந்த வாரம் வாழ்நாள் சான்றும் வங்கியும். திங்கட்கிழமை மனு. இந்த மாதத்துக்குள் ஐயாவின் ஓய்வூதிய ஆணை. பாதுகாவலர் விண்ணப்பம் மகள் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது. நோட்டை மட்டும் இன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.

அப்புறம், கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: பாதியில் விட்ட கொட்டானைத் தம்பி பட்டாசாலை மாடத்தில் எடுத்து வைத்திருக்கிறார், ஓலை காய்ந்துபோனது, தினமும் எடுத்துப் பார்க்கிறார் என்று. காய்ந்த ஓலை நனைத்தால் மறுபடி வளையும். இன்று ராத்திரியே ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுங்கள், காலையில் ஆட்டோவுக்குச் சொல்லிவிடலாம்.